வளைவில் நின்றுபோன வண்டி

திருச்சி
மே, ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் கை எலும்பு கூடி, கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று படித்ததும்தான் மனம் அமைதியானது. இங்கே அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வெயில்தான் தாங்கவில்லை, பகலில் 40 டிகிரியைத் தொடுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் ரிமோட்டில் ஓட்டும் என் ரேடியோ காரை மைதானத்துக்கு எடுத்துப் போகிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டொராண்டோவின் வசந்தகாலக் குளிரிலேயே மகளின் ரேடியோ கார் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, சூடுதான் காரணம், பெரிய ஃபேன் பொருத்தலாமா என்கிறாய். ஃபேன் வாங்காதே, கொஞ்சம் பொறு. இதே நினைப்பில் நான் மூன்று மாதங்களை வீணாக்கினேன்.

என் காரும் அப்படித்தான் வளைவுகளில் திடீரென்று செத்துப்போகும். மோட்டாரைத் தொட்டால் கை சுட்டது. அகச்சிவப்பு வெப்பமானி 96 டிகிரி காட்டியது. ஃபேன் போட்டேன். மோட்டார் அச்சில் இருக்கும் சிறு பற்சக்கரமான பினியனை இரண்டு பல் குறைந்ததாக மாற்றினேன். மோட்டார் 75 டிகிரிக்கு இறங்கியது, ஆனால் கார் முன்போலவே நின்றது. பினியனை மாற்றியதற்கு நான் வருந்தவில்லை. செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடுகிறது. 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கிட்டத்தட்ட 30 சதவீதம் அதிகம். அதே மின்னோட்டம் இன்னும் அதிகச் சூட்டைக் கிளப்பும், அந்தச் சூடு மின்தடையை மேலும் ஏற்றும். மோட்டாரைக் காப்பாற்ற அது தேவையான வேலைதான். ஆனால் கார் நின்றதற்குக் காரணம் அங்கே இல்லை.

ஒருநாள் கார் நின்றதும் ஓடிப்போய்த் தூக்காமல், நான் நின்ற இடத்திலிருந்தே ரிமோட்டில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். முன்சக்கரங்கள் அசையவில்லை. அருகில் போய்க் குனிந்து பார்த்தேன். ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பிறகு ஒருமுறை சிமிட்டிவிட்டு எரிந்தது, சக்கரங்கள் உயிர் பெற்றன. அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி சூடாகித் தன்னைக் காத்துக்கொண்டால் மோட்டார் மட்டும்தான் ஓயும், ஸ்டியரிங் வேலை செய்யும். பேட்டரி இறங்கும்போது வரும் தடுப்பும் அப்படித்தான். ஸ்டியரிங்கும் சேர்ந்து செத்தால் ரிசீவருக்கே மின்சாரம் போகவில்லை என்று பொருள்.

ரிசீவருக்கும், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவுக்கும் மின்சாரம் தருவது அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும் பிஇசி என்ற சிறு சுற்று. என்னுடையது தரக்கூடியது 3 ஆம்பியர். உலோகப் பல் வைத்த பெரிய சர்வோ ஒன்றை ஆசைப்பட்டு மாட்டியிருந்தேன். சக்கரம் கல்லில் முட்டித் திணறும்போது அது நான்கு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நான் பொருத்திய ஃபேனும் அதே ரிசீவரிலிருந்துதான் குடித்துக்கொண்டிருந்தது! வளைவில் சர்வோ இழுத்ததும் மின்னழுத்தம் சரிந்து ரிசீவர் மயங்கிவிட்டது. சாதாரண மல்டிமீட்டர் இந்தச் சரிவைக் காட்டாது. கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போய்விடுகிறது.

நீ 2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியிலிருந்து 3 செல்லுக்கு மாறியதாக எழுதியிருந்தாய் அல்லவா? எனக்குச் சந்தேகமே அங்கேதான். உன் கருவியில் இருப்பது பழைய லீனியர் வகை பிஇசி என்றால், கூடுதல் மின்னழுத்தத்தை அது வெறும் சூடாகவே எரித்துத் தள்ளும். 2 செல் முழுதாக ஏறினால் 8.4 வோல்ட். அதை 6 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் கொடுத்தால் வீணாவது 4.8 வாட். 3 செல்லில் 12.6 வோல்ட், அப்போது வீணாவது 13.2 வாட். தீப்பெட்டி அளவுப் பெட்டிக்குள் இவ்வளவு சூடு எங்கே போகும்? ஸ்விட்சிங் வகையில் இந்த இழப்பு மிகக் குறைவு.

எனவே தனி பிஇசி ஒன்றை வாங்கு, ஸ்விட்சிங் வகையாகவே பார்த்து வாங்கு. அதைப் பேட்டரி வயரிலேயே சால்டர் செய்து, மறுமுனையை ரிசீவரில் செருகு. ஆனால் அதற்கு முன், கருவியிலிருந்து ரிசீவருக்கு வரும் பிளக்கின் நடுவில் உள்ள சிவப்பு வயரைக் கழற்றிவிட வேண்டும். தையல் ஊசி நுனியால் பிளாஸ்டிக் நாக்கை மெல்லத் தூக்கினால் வயர் பின்னோடு வழுக்கி வெளியே வரும். வெட்டாதே. டேப் சுற்றி மடக்கி வை. அதைக் கழற்றாவிட்டால் இரண்டு பிஇசியும் ஒன்றோடொன்று மோதும்.

கனெக்டரையும் தொட்டுப் பார். ஓடி முடித்ததும் பேட்டரியைவிட கனெக்டர் சூடாக இருந்தால் சால்டர் சரியில்லை. அந்த இணைப்பில் வெறும் 5 மில்லிஓம் மின்தடை இருந்தாலும், 40 ஆம்பியர் ஓடும்போது 8 வாட் சூடு அங்கேயே பிறக்கும். நம் 25 வாட் சால்டரிங் அயர்னில் மூன்றில் ஒரு பங்கு!

பேட்டரியைப் பின்னால் தள்ளிவைக்க அதன் வயரை நீட்டப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைச் செய்யாதே. கருவி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டித் தருகிறது. பேட்டரி வயர் நீண்டால் ஒவ்வொரு வெட்டிலும் மின்னழுத்தம் துள்ளும், அந்தத் துள்ளலைத் தாங்கித் தாங்கி மின்தேக்கிகள் சூடாகி உப்பிவிடும். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் மோட்டார் பக்க வயர்களை நீட்டு. புல்வெளியில் ஓட்டுவதையும் மகளிடம் சொல்லிக் குறைக்கச் சொல். புல் மோட்டாரைப் பிடித்து இழுக்கிறது. குளிர்காலம் வந்தால் லிப்போவை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டுவிடாதே.

உன் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த தமியா ஹார்னெட் நினைவிருக்கிறதா? அந்தக் கார் 1984இல் வெளிவந்தது. மெதுவாக ஓட்டினால் வெள்ளைப் பீங்கான் மின்தடை கொதிக்கும். வேகத்தைக் குறைப்பதென்றால் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிப்பது என்பதே அதில் வழி. இப்போது பிஇசிக்குள் நடப்பதும் அதே கதைதான், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

அடுத்த முறை கார் நின்றதும் தூக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்க்கச் சொல். சக்கரம் அசைந்ததா இல்லையா என்று மட்டும் எனக்கு எழுது. அந்த ஹார்னெட் இன்னும் உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதாக உன் அம்மா சொன்னார். வரும் ஞாயிறு அவரைப் பார்க்கப் போகிறேன், இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழன்