அருவியின் தலைமேல் ஒரு வீடு

அன்புள்ள ராமசாமிக்கு,

உன் கடிதமும் வீட்டுப் பிளானும் கிடைத்தன. பையனுக்கு வேலை நிரந்தரமானதில் ரொம்ப சந்தோஷம். பிட்ஸ்பர்க்கில் மகள் வீட்டில் நானும் உன் தங்கச்சியும் சௌக்கியம். குளிர்தான் முழங்காலைப் பிடிக்கிறது.

மேக்கரை நிலத்தில் நடுவே கிடக்கும் பாறையை வெடி வைத்து எடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, கொஞ்சம் பொறு. போன வாரம் மாப்பிள்ளை எங்களை ஃபாலிங்வாட்டர் என்ற வீட்டைப் பார்க்க அழைத்துப் போனார். இந்த ஊரில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திய காஃப்மன் குடும்பத்துக்காக ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டடக் கலைஞர் 1935இல் வரைந்தது. அருவியைப் பார்த்தாற்போல எதிரே கட்டித் தருவார் என்று காஃப்மன் நினைத்திருக்கிறார். ரைட்டோ அருவியின் தலைமேலேயே வீட்டை வைத்துவிட்டார். உள்ளே இருந்தால் அருவி கண்ணில் படாது, ஆனால் சத்தம் கூடவே வரும்.

எனக்குப் பிடித்துப்போனது கூடத்தில் குளிர்காய வைத்திருக்கும் கணப்படுப்பு. அங்கே முன்பே கிடந்த பாறை, அந்தக் குடும்பம் உட்கார்ந்து பொழுதுபோக்கிய இடம். அதை உடைக்காமல் தரை வழியே மேலே வர விட்டு, அங்கேயே அடுப்பை அமைத்திருக்கிறார். தரைக் கற்களுக்கு மெழுகு பூசிப் பளபளப்பாக்கியிருக்கிறார்கள், பாறைக்கு மட்டும் இல்லை. அதனால் தரை ஓடையாகவும், பாறை அதில் நனையாமல் தலைநீட்டுவதாகவும் தெரிகிறது. சுவர்க் கல்லும் அந்த நிலத்திலேயே வெட்டியதுதான். உள்கூரை அநியாயத்துக்குத் தாழ்வு. மாப்பிள்ளை குனிந்தே நடந்தார். கண் மேலே போகாமல் ஜன்னல் வழியே மரங்களுக்குப் போகட்டும் என்று வேண்டுமென்றே செய்ததாம். கூடத்தில் ஒரு கண்ணாடி மூடியைத் தள்ளினால் படிகள் நேரே ஓடைக்கு இறங்குகின்றன. இத்தாலியன் மார்பிளுக்கு நீ ஒதுக்கியிருக்கும் பணத்தை நினைத்துக்கொண்டேன்!

குறையும் உண்டு. மழைக்கு ஒழுகியிருக்கிறது. தூண் இல்லாமல் ஓடைமேல் நீட்டிய கான்கிரீட் தளங்கள் ஆரம்பம் முதலே தொய்ய, 2002இல் எஃகு வடங்கள் கொடுத்து இழுத்துக் கட்டிப் பலப்படுத்தினார்கள். நீயும் தூணில்லா பால்கனி கேட்கிறாய். முதலில் நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைப் பார்.

என் யோசனை இதுதான். அடுப்படியை மேற்கே தள்ளு, பாறை கூடத்துக்குள் வந்துவிடும். ஒரு பக்கச் சுவர்ச் செலவும் மிச்சம். ஆனால் பாறையும் தரையும் சேரும் இடத்தில்தான் தண்ணீர் கசியும். அதனால் இந்தச் சாரலில் குடையோடு போய், பாறையில் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துச் சுண்ணாம்பால் குறித்துவை. அந்த வழியை மறிக்காமல் பிளான் போடச் சொல். அப்புறம், அந்த இரண்டு மருத மரங்களும் பிளானிலேயே காணோமே, ஏன்?

ஆகஸ்டில் ஊருக்கு வருகிறோம். நேரில் பேசுவோம். அதுவரை வெடிக்காரனுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துத் தொலைக்காதே.

உன்,
சுந்தரம்