புதன்கிழமைப் பொங்கல்

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் முழங்கால் வலி மட்டுப்பட்டதாக எழுதியிருந்ததைப் படித்து நிம்மதி அடைந்தேன். இங்கே வகுப்பில் நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே சுதேசமித்திரன் இதழில் ஹைக்கூ என்னும் ஜப்பானியக் குறுங்கவிதையைப் பற்றி எழுதியதைச் சொல்லி, ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் 'பள்ளிக்கூடம்' என்னும் தலைப்பில் மூன்றே வரியில், கண்ணால் கண்டதை மட்டும் எழுதச் சொன்னேன். வீட்டுப்பாடத்தைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிலர் திட்டியும் இருந்தார்கள். பாதிப் பேர் 'பள்ளி எங்கள் கோயில்' என்று கட்டுரை ஏட்டின் பழக்கத்தில் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தை ஊட்டியவர்களே நாம்தான் என்பதால், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுதியதைப் படித்தபின் அடுத்த தாளை எடுக்கக் கை வரவில்லை.

ஐந்தாம் வகுப்பு முடிந்தது
புதன்கிழமைப் பொங்கள் வாசம்
தம்பியின் கையில்

எங்களுடையது நடுநிலைப் பள்ளி என்பது உனக்குத் தெரியும். 2022இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. போன ஏப்ரல் வரை தம்பிக்குப் பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தவள், இந்த ஜூன் முதல் அதே வராந்தாவைக் கடந்து மேல் வகுப்புக்குப் போகிறாள்; மதியச் சத்துணவு வரை அவள் வயிற்றுக்கு ஒன்றுமில்லை. காலை வழிபாட்டில் அவள் ஒருநாள் தலைசுற்றி உட்கார்ந்தபோது, வெயில்தான் காரணம் என்று நானே தலைமையாசிரியரிடம் சொன்னேன். 'பொங்கள்' என்பதைத் திருத்தத் திறந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நீண்ட மணி அடித்ததும் எல்லோரும் ஓட, தான் மட்டும் மெல்ல நடப்பதை எழுதி, 'ஆடுகள் காத்திருக்கும்' என்று முடித்திருந்தான். கடைசிப் பெஞ்சில் அவன் தூங்குவதை இத்தனை நாளும் சோம்பல் என்றே எண்ணியிருந்தேன்.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. ஆறு முதல் எட்டு வரை படிக்கும் 42 பிள்ளைகளுக்கும் காலையில் ஏதாவது கொடுக்க ஊரார் உதவ முடியுமா என்று கேட்கப்போகிறேன். அந்த மூன்று வரியை அங்கே வாசிக்கலாமா என்று அவளிடம் கேட்டேன். பெயர் சொல்லாமல் வாசிக்கச் சொன்னாள்.

உன் வகுப்பிலும் எழுதச் சொல்லி, ஓர் எழுத்தும் திருத்தாமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்