புரட்டாதிக்கு முன் கிணற்றடிக்குப் போக விடுங்கள்: முதுமாணி ஆய்வுகளை அங்கீகரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வடக்கில் குடிசார் பொறியியல் முதுமாணி ஆய்வு முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் பட்டமேற்படிப்புக் குழுவினருக்கும் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றிய ஒரு முன்மொழிவு கார்த்திகையில் அங்கீகாரம் பெற்றால், அந்த மாணவருக்கு அன்றைக்கே பத்து மாதம் போய்விட்டது. புரட்டாதியில் கிணறு அடிமட்டத்தில் கிடந்தபோது அளந்திருக்க வேண்டும். ஐப்பசி மழை விழுந்து கிணறு ஏறிவிட்ட பிறகு அந்த நிலையை அடுத்த புரட்டாதியில்தான் பார்க்கலாம். அதுவரை காத்திருக்கப் பதிவுக்காலம் இடம் கொடுக்காது. ஆகவே மாணவர் தை மாதத்தில் ஒரு தடவை, வைகாசியில் ஒரு தடவை மாதிரி எடுத்து, ஒன்றுக்கு மாரி என்றும் மற்றதற்குக் கோடை என்றும் பெயர் வைத்து விடுகிறார். வரைபடம் அழகாகத்தான் வரும். ஆனால் நீர்மட்டம் உண்மையில் அடியைத் தொட்ட மாதம் அதில் இருக்காது.

எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான். மழையோடு தொடர்புள்ள எந்தத் தலைப்பானாலும் (நிலத்தடி நீர், வெள்ளவடிகால், வழுக்கையாறு, தொண்டைமானாறு, உப்பாறு) அதன் அங்கீகாரத்தை ஆடி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். குழுக் கூட்டம் ஐப்பசியில்தான் என்றால், இந்தத் தலைப்புகளுக்கு மட்டும் ஒரு கூட்டத்தை முன்னுக்கு இழுங்கள். ஆவணி முழுதும் கிணறு தெரிவு செய்யவும், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கவும், கட்டுமட்டம் எடுக்கவும் போய்விடும்.

கட்டுமட்டம் என்று சொன்னதைக் கொஞ்சம் விரிக்க வேண்டும், ஏனென்றால் ஆய்வுகள் அதிகம் சறுக்குவது அங்கேதான். நீர்மட்டத்தை நாடாவால் அளப்பது சுலபம். கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் வரை 4.35 மீட்டர் என்று குறித்துக்கொள்ளலாம். அந்தக் கட்டு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த எண்ணைப் பக்கத்துக் கிணற்றோடு ஒப்பிட முடியாது. குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரிரு மீட்டருக்குள்தான் நிற்கிறது. கைபேசி காட்டும் உயரத்திலோ பல மீட்டர் பிழை வரும். அளக்கும் பொருளைவிடப் பிழை பெரிது. நன்னீர் உவர்நீரின் மேல் மிதப்பதைக் கணிக்கும் கைபன்–ஹேர்ஸ்பேர்க் விதியின்படி கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும். அப்படியென்றால் மட்டத்தில் விடும் 10 சென்ரிமீட்டர் பிழை கீழே 4 மீட்டராகப் பெருகும். சுண்ணக்கல்லின் குகைகளும் வெடிப்புகளும் அந்த விதியை ஏற்கெனவே நெளிய வைத்திருக்கின்றன. அதன்மேல் நாமும் ஏன் பிழையை ஏற்ற வேண்டும்?

வழி பழையதுதான். நில அளவைத் திணைக்களத்தின், உயரம் தெரிந்த மட்டக்குறியிலிருந்து லெவல் கருவியும் மட்டக்கோலும் கொண்டு ஒவ்வொரு கட்டுக்கும் மட்டம் கொண்டுபோய், தொடங்கிய குறிக்கே திரும்பி வந்து மூட வேண்டும். சுற்றின் நீளம் கிலோமீட்டரில் எவ்வளவோ, அதன் வர்க்கமூலத்தை 12 ஆல் பெருக்கினால் வரும் மில்லிமீட்டருக்குள் மூடுபிழை (தொடங்கிய உயரத்துக்கும் திரும்பி வந்து பெற்ற உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்) அடங்க வேண்டும். 4 கிலோமீட்டர் சுற்றுக்கு அது 24 மில்லிமீட்டர். கட்டில் எந்த இடத்தில் கோலை வைத்தீர்களோ அங்கே ஓர் உளிக்கீறலும் பெயின்ற் புள்ளியும் போடச் சொல்லுங்கள். கட்டு எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. துலாப் பக்கம் தேய்ந்திருக்கும், மற்றப் பக்கம் பிறகு பூசியிருப்பார்கள். முன்மொழிவில் இந்த மட்டவேலைக்கு நாளும் ஆளும் ஒதுக்கப்படவில்லை என்றால் அதைத் திருப்பி அனுப்புங்கள்.

மாதிரி எடுப்பதற்கு வருவோம். நைத்திரேற்றுக்கான தண்ணீரை 4 பாகை செல்சியசில் வைத்து 48 மணித்தியாலத்துக்குள் சோதிக்க வேண்டும். முதுமாணி படிப்பவர்களில் பலர் வேலை பார்ப்பவர்கள், சனி ஞாயிறில்தான் வெளியே போவார்கள். சனி காலை எடுத்த போத்தல் திங்கள் காலை ஆய்வுகூடம் திறக்கும்போது கெடு முடிந்து நிற்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். ஞாயிறு பின்னேரம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, திங்கள் காலை கையளிப்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. திங்கள் விடுமுறையா என்று முதலே பார்க்க வேண்டும். போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்கள் இதில் நிறையப் பேரைக் கவிழ்க்கின்றன. இருகாபனேற்றை மட்டும் கிணற்றடியிலேயே நியமித்துவிடுவது (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளந்துவிடுவது) நல்லது. போத்தலுக்குள் காபனீரொட்சைட்டு தப்பி, சுண்ணாம்பு படிந்துவிட்டால் பிறகு வரும் அளவு கிணற்றின் அளவல்ல.

முடிவு வந்ததும் மாணவர் முதலில் செய்ய வேண்டியது அயன் சமநிலை பார்ப்பது. நேரயன்களின் கூட்டுத்தொகையும் எதிரயன்களின் கூட்டுத்தொகையும் மில்லிசமவலுவில் (மின்னேற்றத்தைக் கணக்கில் எடுக்கும் அலகில்) 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத மாதிரியை வரைபடத்தில் போடுவதற்கு முன் மேற்பார்வையாளர் ஏன் என்று கேட்க வேண்டும். அடுத்தது அலகு. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை, நைத்திரேற்றாகச் சொன்னால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகச் சொன்னால் ஏறத்தாழ 11. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. ஓர் ஆய்வுகூடம் ஒன்றில் தரும், இன்னொன்று மற்றதில் தரும். ஒரே அட்டவணையில் இரண்டும் கலந்தால், நல்ல கிணறு கெட்டதாகவும் கெட்ட கிணறு நல்லதாகவும் மாறிவிடும். வெங்காயத் தோட்டத்து உரம் காரணமா, மலக்குழி காரணமா என்று பக்கம் பக்கமாக விவாதிப்பதற்கு முன் இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

ஆழமும் பார்க்க வேண்டும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்பது ஊரறிந்த விஷயம். சாதாரண வீட்டுக் கிணறுகளிலும் சிறிய அளவில் இப்படி நடக்கலாம். உப்புத்தன்மையைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை அரை மீட்டருக்கு ஒரு தடவை இறக்கி வாசிக்க வேண்டும். வாளியால் மேல்தண்ணீரை மட்டும் அள்ளிவிட்டுக் கிணறு நல்லது என்று எழுதக் கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததா, எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் குறிக்க வேண்டும்.

கொங்கிறீற்று ஆய்வுகளுக்கு மழைக்காலக் கெடு இல்லை. அதனாலேயே அவற்றைச் சுலபம் என்று நினைத்துக் கடைசி நேரத்தில் எடுக்கிறார்கள். கணக்குப் பாருங்கள்: 4 கலவை, 3 வயது (வார்த்து எத்தனை நாளில் உடைப்பது என்பது), வயதுக்கு 3 கனக்குற்றி (சோதனைக்கு வார்க்கும் கனசதுரக் கட்டி), மொத்தம் 36. 150 மில்லிமீட்டர் கனக்குற்றிகள் 36 என்றால் 0.12 கன மீட்டர், சேதாரத்தோடு 0.14. கன மீட்டருக்கு 350 கிலோ சீமெந்து என்றால் 49 கிலோ, அதாவது ஒரு பை. பொருளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் அச்சுக்கும், நாளுக்கும், மணலுக்கும்தான். ஒன்பது அச்சு இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு கலவை. 90 நாள் வலிமையும் வேண்டும் என்றால், கடைசிக் கலவை போட்ட நாளிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் எழுதவே தொடங்கலாம்.

மணலில்தான் கூடுதலாக அடிபடுகிறார்கள். இங்கே லொறிக்கு லொறி மணல் மாறும், உப்பும் மாறும். முழு ஆய்வுக்குமான மணலை ஒரே தடவையில் எடுத்து, காயவைத்து, புரட்டிக் கலந்து, மூடி வைக்க வேண்டும். குளோரைட்டு அளவை வெள்ளிநைத்திரேற்று நியமிப்பால் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். இரவு மழையில் நனைந்த மணலைக் காலையில் அப்படியே நிறுத்துப் போட்டால் என்ன ஆகும்? கன மீட்டருக்கு 700 கிலோ மணலில் 4 சதவீத மிகை ஈரம் என்றால் 28 கிலோ தண்ணீர். 350 கிலோ சீமெந்துக்கு 175 கிலோ தண்ணீர் என்று 0.50 நீர்–சீமெந்து விகிதத்தில் வடிவமைத்த கலவை சத்தமில்லாமல் 0.58 ஆகிவிடும். பிறகு அந்தக் குற்றிகள் வலிமை குறைந்து உடையும்போது, மாணவர் பழியைச் சீமெந்தோடு சேர்த்த உமிச்சாம்பல் மீதோ பறக்கும் சாம்பல் மீதோ போடுவார். பாவம் சாம்பல். ஒவ்வொரு கலவைநாளிலும் மணலின் ஈரப்பதன் அளந்த தாளை இணைப்பாகக் கேளுங்கள்.

கொங்கிறீற்றுக்குள் உப்பு எவ்வளவு புகும் என்று பார்க்கும் குளோரைட்டு ஊடுருவல் சோதனை வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 60 வோல்ற்றில் 6 மணித்தியாலம் இடைவிடாமல் மின்சாரம் வேண்டும். நான்காவது மணியில் கரண்ட் போனால் அந்த மாதிரி வீண். மறுபடி வெற்றிடத்தில் நீரூட்டிய வேறொரு துண்டு தேவை. மின்கலக் காப்பு இல்லாத மேசையில் இந்தச் சோதனையைத் திட்டமிடுவது சூதாட்டம்.

மண்ணும் அத்திவாரமும் பற்றிய தலைப்புகளில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். நியம ஊடுருவல் சோதனையில் (குழாயைச் சுத்தியலால் மண்ணுக்குள் அடித்து இறக்கும் சோதனை) 50 தடவை அடித்த பிறகும் இறங்கவில்லை என்றதும் "பாறை" என்று எழுதித் துளையை நிறுத்துகிறார்கள். நம் சுண்ணக்கல்லில் அந்தக் கடினப்படை ஒரு மூடியாக மட்டும் இருக்கலாம், கீழே குழி இருக்கலாம். சுழல்துளையிட்டு குறைந்தது 3 மீட்டராவது பாறைக்குள் போக வேண்டும். துளைநீர் திடீரென மேலே வராமல் போன ஆழமும், தண்டு தானாக விழுந்த ஆழமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். குழியைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் அவைதான். நிலத்தின் மின்தடை அளவீட்டை மட்டும் நம்பி எழுதும் ஆய்வுகளையும் கவனியுங்கள். உவர்நீர் நிறைந்த வெடிப்பும் களிமண் நிறைந்த குழியும் இரண்டுமே குறைந்த தடையைத்தான் காட்டும். ஒரு துளையாவது பக்கத்தில் இல்லாமல் எது எது என்று பிரிக்க முடியாது.

இவ்வளவு வேலைக்கும் நேரம் எங்கே என்பீர்கள். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் 10ஆம் மட்ட முதுமாணிக்கு 60 கிரெடிட். அதில் ஆய்வுக்குக் குறைந்தது 15. ஆய்வில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம் என்று எடுத்தால் 1,500 மணித்தியாலம். வாரத்துக்கு 15 மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய ஓர் அலுவலகப் பொறியியலாளருக்கு அது 100 வாரம். ஒரு வருடத்தில் முடித்துத் தருகிறேன் என்று எழுதி வருபவரிடம் இந்தக் கணக்கை வைத்துப் பேசுங்கள். பலர் நேரம் போதாமல் மாதிரியுரு மென்பொருளுக்குள் ஒதுங்குவதும் இதனால்தான். மென்பொருளில் குற்றமில்லை. ஆனால் கைபேசி உயரத்தை வைத்துச் சீர்செய்த நிலத்தடி நீர் மாதிரியுரு, நிறம் நிறமாகப் பிழையைத்தான் காட்டும்.

இன்னும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு.

ஆய்வேட்டோடு மூலத் தரவையும் நூலகத்தில் வைக்கச் சொல்லுங்கள்: கிணற்றின் அமைவிடம், கட்டுமட்டம், குறியிட்ட இடத்தின் படம், திகதி, நேரம், மோட்டார் நிலை, அலகோடு கூடிய ஆய்வுகூடத் தாள். சராசரி மட்டும் அச்சானால் அடுத்த மாணவர் அதே கிணற்றுக்கு மறுபடி முதலிலிருந்து போக வேண்டும். பத்து வருடம் அதே இருபது கிணறுகளை ஒருவர் பின் ஒருவராக அளந்தால் கிடைப்பதை, எந்தத் தனி ஆய்வேடும் தராது. வீட்டுப் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டுச் சேமியுங்கள்.

அடுத்தது அந்த வீடுகளுக்கு. முடிவைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆய்வின் ஒரு பகுதி என்று முன்மொழிவிலேயே எழுத வையுங்கள். தமிழில் அரைப் பக்கம் போதும். நைத்திரேற்று 50க்கு மேல் உள்ள கிணறானால், அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க வேண்டாம் என்றும், கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும் என்றும் அதில் இருக்கட்டும். கிணற்றடிக்கு வந்து போத்தலில் அள்ளிக்கொண்டு போன தம்பியோ தங்கச்சியோ திரும்பி வரவேயில்லை என்றால், அடுத்த புரட்டாதியில் படலையைத் திறக்க அந்த வீட்டம்மாவுக்கு என்ன காரணம் இருக்கிறது?

இப்படிக்கு,
குடிசார் பொறியியலாளர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.