45 நாள் குட்டி வேண்டவே வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசு கொடுத்து ஜாதி நாய் வாங்குவதா, தெருவில் கிடக்கும் ஜீவனை எடுத்து வளர்ப்பதா? நாய் வளர்க்க ஆசைப்படும் வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் மதுரை, விருதுநகர், தேனி வட்டாரத்தில் எந்த வழியில் போனாலும் ஒரே தவறு நடக்கிறது. குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துவிடுகிறோம்.

விற்பவர்கள் "45 நாள் குட்டி" என்பதைத் தர முத்திரை போலச் சொல்கிறார்கள். மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி 8 வாரம், அதாவது 56 நாள் நிறையாத குட்டியை விற்கவே கூடாது. பதினொரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கிறார்கள். நிறைய ஆகும். கூடப் பிறந்தவற்றோடு கடித்துப் புரளும்போது ஒரு குட்டி வலியில் கத்தும், உடனே விளையாட்டு நின்றுபோகும். அளவு மீறினால் தாய் உறுமித் தள்ளிவிடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்பதைக் குட்டி கற்பது அங்கேதான். அந்தப் பாடம் முடியாமல் வரும் குட்டி, வீட்டுப் பிள்ளைகளின் கையைப் பதம் பார்க்கும். அதற்கு "முரட்டு நாய்" என்ற பெயர் வேறு வந்து சேரும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பார்வோ என்ற வைரஸ் நோய். குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கும். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஆறு வாரத்தைத் தாண்டும்போது குறைய ஆரம்பிக்கும். அது கொஞ்சம் மிச்சமிருக்கும்வரை தடுப்பூசியையும் முழுதாக வேலை செய்ய விடாது. அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி, பிறகு 16 வாரம்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஒரே ஊசி போட்டுவிட்டு "தடுப்பூசி போட்டாச்சு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. நோய் தொற்றினால் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் சோர்வு, வாந்தி, ரத்தக் கழிச்சல் தெரியும். வாங்கி வந்த நான்காம் நாள் குட்டி படுத்துவிட்டால், நம் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் கிருமி விற்ற இடத்திலேயே ஏறியிருக்கும். "கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" என்று விற்றவர் சொல்வதும் பொய்யாக இருக்காது.

வயதைப் பல்லைப் பார்த்தே ஓரளவு கணிக்கலாம். முழுப் பால்பல் 28. முன்வாயில் மேலே ஆறு, கீழே ஆறு, கோரைப்பல் நான்கு, கன்னத்தை ஒட்டி ஒவ்வொரு பக்கமும் மேலே மூன்று, கீழே மூன்று. விரலால் உதட்டை ஓரமாக ஒதுக்கிப் பாருங்கள். கன்னப் பக்கத்து மூன்றாவது பல் இன்னும் ஈறுக்குள்ளேயே இருந்தால், "ரெண்டு மாசம் ஆச்சு" என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

வாங்குவதென்று முடிவெடுத்தால், தாயைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். பேருந்து நிலைய வாசலுக்குக் கூடையில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வாங்கவே கூடாது. தாய் அடைபட்டிருக்கும் இடம், அதன் விலா எலும்பு, ஆள் வந்தால் அது நடந்துகொள்ளும் விதம் இந்த மூன்றையும் கவனியுங்கள். முந்தைய ஈத்து எப்போது என்று கேளுங்கள். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது, வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது என்பதும் மேலே சொன்ன 2017 விதிகளில் உள்ளது. கென்னல் கிளப் சான்றிதழ் வம்சாவளியைத்தான் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது.

ராஜபாளையம் வாங்குபவர்கள் காதைச் சோதிக்காமல் கிளம்பக் கூடாது. வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தன்மையும் சேர்ந்தே வரும் குட்டிகள் அந்த இனத்தில் உண்டு. கூட்டத்தில் வைத்துச் சோதித்தால் ஏமாறுவோம். மற்றவை திரும்பினால் செவிட்டுக் குட்டியும் சேர்ந்து திரும்பும். ஐந்து வாரத்துக்கு மேல் ஆன குட்டியைத் தனியே தூங்கவிட்டு, பின்னால் நின்று சாவிக்கொத்தை மெதுவாக ஆட்டுங்கள். கைதட்டக் கூடாது, தரையைத் தட்டவும் கூடாது. காற்றும் அதிர்வும் உடம்பில் பட்டே அது விழித்துவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இந்தச் சோதனையிலும் கண்டுபிடிக்க முடியாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பழக்கிய இனங்கள். தினமும் ஓட இடம் வேண்டும். கோழி, ஆடு, பூனை கண்ணில் பட்டால் நம் குரல் அவற்றின் காதில் ஏறாது. மாடிப்படிக்கு அடியில் சங்கிலியில் கட்டிப்போட இவற்றை வாங்குவது பாவம். சித்திரை வெயிலில் ஹஸ்கி, பக் வளர்ப்பதைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை.

தெரு நாய் விஷயத்துக்கு வருகிறேன். மார்கழி, தை மாதங்களில் தெருவெங்கும் குட்டிகள் தென்படும். இரக்கப்பட்டு முப்பது நாள் குட்டியைத் தூக்கிவந்தாலும் மேலே சொன்ன அத்தனை கேடும் வரும். தாய் உயிரோடு இருந்தால் குட்டிகளை அங்கேயே விட்டு, தாய்க்குச் சோறு வைத்து, குட்டிகளுக்கு 56 நாள் நிறைந்த பிறகு எடுங்கள். பிறகு தாயைக் கருத்தடைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

ஆனால் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டுக்குக் குட்டியே சரிப்படாது. இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நான்கு வேளை ஊட்ட வேண்டும், மூன்று மணி நேரம்கூட அதனால் சிறுநீரை அடக்க முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு என் பரிந்துரை, ஒன்றரை, இரண்டு வயதான, கருத்தடை செய்யப்பட்ட தெரு நாய்தான். காது நுனியில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனதாக அர்த்தம். குணம், உயரம், குழந்தைகளிடம் பழகும் விதம் எல்லாம் அந்த வயதில் கண்ணெதிரே தெரிந்துவிடும். குட்டியிடம் இவற்றை ஊகிக்கத்தான் முடியும்.

எடுத்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நம் ஊரில் உண்ணி கடித்து நாய்க்கு வரும் காய்ச்சல் சத்தமில்லாமல் உடம்பில் தங்கியிருக்கும். ஈறு வெளுத்திருந்தால் அது ரத்தம் குறைந்ததன் அறிகுறி, காத்திருக்கவே வேண்டாம். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டினாலோ, பூக்கோசு போன்ற சதை தெரிந்தாலோ, அது இணைசேர்க்கையில் பரவும் கட்டியாக இருக்கலாம். பயந்து திருப்பி விட்டுவிடாதீர்கள். வாரம் ஒன்றாக வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி நான்கு முதல் ஆறுவரை போட்டால் பெரும்பாலும் முழுதாகக் குணமாகும். முதல் பத்து நாள் இரட்டைக் கயிறு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. பழைய தெருவைத் தேடி ஓடும் நாய்கள் அந்த நாட்களில்தான் வண்டியில் அடிபடுகின்றன. தத்தெடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வரக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொல்லியிருக்கிறது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் பார்வோவில் இறந்திருந்தால், ஓராண்டுக்குக் குட்டி வேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சிமென்ட் தரையை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண் தரைக்கு இந்த வைத்தியம் உதவாது. தடுப்பூசி போட்ட பெரிய நாயை மட்டும் எடுக்கலாம்.

இன்னொன்று. குட்டிதானே என்று அதன் கடியையும் நகக்கீறலையும் அலட்சியம் செய்கிறோம். வெறிநோய் ஊசியையே மூன்று மாதம் நிறைந்த பிறகுதான் அதற்குப் போடுகிறார்கள். ரத்தம் கசிந்தாலும் கசியாவிட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வரி விளம்பரத்தில் "குட்டிகள் விற்பனைக்கு" என்று வருபவர்களிடம் பிறந்த தேதி, விலங்கு நல வாரியப் பதிவு எண், தாயை நேரில் பார்க்கலாமா என்ற மூன்றையும் கேட்டு வாங்கி விளம்பரத்தோடு சேர்த்து அச்சிடுங்கள். தர மறுப்பவரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
நாய் வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்லிவரும் வாசகர்,
திருப்பாலை, மதுரை.