ஜீனோம் செய்தியில் மதிப்பெண்ணையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நெல், மா, காப்பி என்று ஏதாவது ஒரு பயிரின் ஜீனோமை, அதாவது அதன் மொத்த டி.என்.ஏ. எழுத்து வரிசையை, முழுமையாகப் படித்துவிட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது, சந்தோஷம்தான். எவ்வளவு முழுமை என்றுதான் ஒரு வரிகூட இருப்பதில்லை. மனித ஜீனோமே 2003-ல் முடிந்தது என்றார்கள், விட்டுப்போன கிட்டத்தட்ட 8 சதவீதம் 2022-ல்தான் வந்து சேர்ந்தது.

பெருமையாகச் சொல்லப்படும் எண் என்50. துண்டு துண்டாகப் படித்த டி.என்.ஏ.வை ஒட்டிய பிறகு, பெரிய துண்டிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே வந்தால் மொத்த நீளத்தில் பாதியைத் தொடும்போது கையில் இருக்கும் துண்டின் நீளம் அது. சரி, ஆனால் சம்பந்தமில்லாத இரண்டு துண்டைத் தப்பாக ஒட்டினாலும் இந்த எண் ஏறும்! அதனால் பஸ்கோ சோதனையும் வேண்டும். அந்த உயிரினக் கூட்டத்தில் அநேகமாக எல்லாவற்றிலும் ஒற்றைப் பிரதியாக இருக்கும் ஜீன்களின் பட்டியலை வைத்து, எத்தனை முழுதாகக் கிடைத்தன, எத்தனை உடைந்திருக்கின்றன, எத்தனையைக் காணோம் என்று பார்ப்பார்கள்.

இதிலும் எங்கள் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கல். இங்கே பெரும்பாலும் அரபிகா காப்பி. ரொபஸ்டா, யூஜினியாய்டிஸ் என்ற இரண்டு காப்பி இனங்கள் கலந்து பிறந்த செடி, 44 குரோமோசோம், இரண்டு பக்கத்து ஜீன்களும் உள்ளேயே இருக்கின்றன. பஸ்கோவில் 'இரட்டிப்பு' (பட்டியலில் உள்ள ஜீன் ஒன்றுக்கு மேல் கிடைப்பது) கூடுதலாக வந்தால் மற்ற பயிர்களில் சந்தேகப்படலாம், அரபிகாவில் அது வரத்தான் வேண்டும். குறைந்தால்தான் இரண்டையும் ஒன்றாக அமுக்கிவிட்டார்களா என்று கேட்க வேண்டும்.

அப்புறம், பஸ்கோவில் நூற்றுக்கு 98 வாங்கிய ஜீனோமிலும் நோய் எதிர்ப்பு ஜீன்கள் விட்டுப்போயிருக்கலாம். ஒன்றைப்போல் ஒன்று இருப்பவை பக்கம் பக்கமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதால் ஒட்டும்போது குழம்பும். இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகத் தட்டுப்படும் துரு நோய்க்கு வழி தேடும் எங்களுக்கு வேண்டியதே அந்த இடம்தான். நாம் நட்டிருக்கும் எஸ்.795 ரகத்துக்குத் துரு எதிர்ப்பு லைபீரிகா காப்பியிலிருந்து வந்தது. அந்தக் கலப்பே இல்லாத ரகத்தை எவ்வளவு சுத்தமாகப் படித்தாலும் அந்தத் துண்டு அதில் கிடைக்காது.

எந்த ரகம், பஸ்கோ எவ்வளவு, எத்தனை எழுத்துக்கு ஒரு பிழை (பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் க்யூ.வி. 40 என்பார்கள்), இவ்வளவுதான் கேட்கிறேன். விஞ்ஞானிகள் கைகுலுக்கும் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் இடம் கிடைத்துவிடும்.

- காப்பி விவசாயி, ஏற்காடு