தோளில் ஒரு டிராகன்

அன்புள்ள நிலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். தோளில் டிராகன் பச்சை குத்திக்கொள்ளப் போவதாக நீ சொன்னதும் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கோபம் இல்லை. ஒசாகாவில் இருந்துகொண்டே அதன் கதை தெரியாமல், அரைநாளில் குத்திக்கொண்டு வருவேன் என்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை.

1720 வாக்கில் ஜப்பானில் பச்சை என்பது திருடர்களுக்கான தண்டனை. கையைச் சுற்றிக் கோடு போட்டு அனுப்புவார்கள். நூறு ஆண்டுகள் கழித்து எல்லாம் தலைகீழ். சீனக் கதையொன்றின் 108 வீரர்களில் பலரை 1827 முதல் அச்சுப் படங்களாக வெளியிட்ட ஓவியர் உதாகவா குனியோஷி, அவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் பச்சை வரைந்தார். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்துக்கே பித்துப் பிடித்தது; தீயணைப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மரவீடுகள் நெருக்கியடித்த ஊர், அடிக்கடி பற்றியெரியும். டிராகன் மழைக்கும் நீருக்கும் அதிபதி அல்லவா? எரிகிற கூரைமேல் ஏறுகிறவன் அதை முதுகில் சுமந்துகொண்டு ஏறினான்.

மேல்நாட்டார் காட்டுமிராண்டித்தனம் என்பார்களே என்று 1872இல் அரசு தடை போட்டது. வேடிக்கையைக் கேள்: பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான பிரிட்டிஷ் இளவரசர் 1881இல் அங்கே போய்க் கையில் டிராகன் குத்திக்கொண்டார்! தடை நீங்கியது 1948இல்தான். அதற்குள் வடக்கே ஐனு பழங்குடிப் பெண்களின் உதட்டுப் பச்சையும் தெற்கே ஒகினாவா தீவுப் பெண்களின் கைப்பச்சையும் அழிந்துபோகும் நிலைக்கு வந்துவிட்டன. அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பழைய முறையில் மூங்கில் கோலின் நுனியில் ஊசிகளைக் கட்டி, இடது கட்டைவிரல்மேல் கோலைச் சாய்த்துக் கையாலேயே குத்துவார்கள். ஊசி தோலை விட்டு எழும்போது 'ஷா, ஷா' என்று சத்தம் வருமாம். முதுகு முழுவதும் முடிய ஆண்டுக்கணக்காகும். சிலர் மார்பின் நடுவே ஒரு பட்டையை வெறுமையாக விட்டுவிடுவார்கள். கிமோனோ சற்று விலகினாலும் உள்ளே இருப்பது தெரியாது.

பச்சை குத்துவது மருத்துவத் தொழில் அல்ல, டாக்டர் உரிமம் தேவையில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் உங்கள் ஒசாகா பக்கத்து வழக்குதான். ஆனாலும் உடம்பெல்லாம் பச்சை குத்திக்கொள்ளும் யாகுசா குற்றக் கும்பல்களின் நிழல் இன்னும் விலகவில்லை. நீ ஆசையாகப் போகும் வெந்நீர் ஊற்றுகள் பலவற்றில் பச்சை இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். தோழிகள் குளிக்க, நீ வெளியே உட்கார்ந்திருக்கச் சம்மதமா?

சம்மதம் என்றால், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். படத்தை முதலில் எனக்கு அனுப்பு. சுற்றிலும் அலையோ மேகமோ இல்லாமல் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருந்தால் நானும் அப்பா கட்சிதான்.

அன்புடன்,
அம்மா