சொப்பிங் பைக்கும் காசா என்று கேட்பவர்களுக்கு

வணக்கம். களுவாஞ்சிக்குடியில் எங்கள் கடைக்கு வந்து போகிற எல்லோருக்கும், வட்ஸ்அப்பில் சாமான் லிஸ்ட் போட்டுவிட்டுப் பின்னேரம் பிள்ளைகளை அனுப்பி எடுப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம்.

கொஞ்ச நாளாக லாச்சிக்கு முன்னால் ஒரே கேள்வி: "என்ன மனே, பைக்கும் காசு எடுக்கிறாய்?" கேட்கிறவர்கள் இருபது வருடப் பழக்கக்காரர்கள், அதனால் முகம் பார்த்துப் பதில் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பில்லில் பைக்கென்று தனியாக வருகிற அந்த ஒரு வரி எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2025 நவம்பர் 1 முதல், கைப்பிடி வைத்த பொலித்தீன் சொப்பிங் பையைக் கடைக்காரர் சும்மா கொடுக்கக்கூடாது, அதன் விலை பில்லில் தெரிய வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானியில் போட்டுவிட்டது. பை வேண்டாம் என்றால் அந்த வரியும் இல்லை. வீட்டில் பனையோலை உமல் பை கிடந்தால் எடுத்து வாருங்கள், நாங்களே அடுக்கித் தருகிறோம்.

சரி, பையை விடுவோம். இந்தப் பேச்சில் எங்களுக்கு ஒரு விசயம் பிடிபட்டது: இவ்வளவு காலமும் எங்களிடம் பில் வாங்கிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இப்போது பைக்காசைத் தேடியாவது பார்க்கிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் திகதி, அளவு, விலை எல்லாம் போட்டுப் பில் தருவது எங்கள் கடமை, கேட்டதற்காக நாங்கள் முகத்தைச் சுளிக்க முடியாது. கடன் கொப்பியில் எழுதுகிறவர்களும் கேளுங்கள். மாதக்கடைசியில் "நான் இரண்டு கிலோ சீனிதானே எடுத்தேன்" என்று சண்டை வருவதே பில் இல்லாததால்தான், அதில் பாதித் தவறு எங்கள் பக்கம் என்பதையும் ஒத்துக்கொள்கிறோம்.

விலைப்பட்டியல் அரிசி மூடைகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது என்று ஒரு அண்ணன் சொன்னார். உண்மைதான். இப்போது வாசலிலேயே தொங்குகிறது. கண்ணில் படுகிற இடத்தில் விலை போடச் சொல்வதும் அதே சட்டம்தான்.

அரிசி விசயத்தில் மட்டும் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும். 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசி கிலோ 230 ரூபா, சம்பா 240, கீரிச்சம்பா 260 என்று உச்ச சில்லறை விலை போட்டது. வாங்குகிறவருக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் மொத்தமாக எடுக்கும் இடத்தில் எங்களுக்கே அந்த விலைக்குக் கிடைக்காத நாட்கள் வந்தன. கூட்டி விற்றால், 2021இல் திருத்திய சட்டப்படி தனி ஆளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபா தண்டம், ஐந்து இலட்சம் வரை போகலாம். ஒரு மூடையில் மிஞ்சுகிற காசு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்! அதனால் அப்போது சில நாட்கள் நாட்டரிசி எடுக்காமலே இருந்தோம். "பதுக்கி வைத்திருக்கிறான்" என்று ஊரில் கதை போனது. பதுக்கவில்லை, பயந்தோம். இந்தச் சட்டம் சின்னக் கடையின் கழுத்தைப் பிடிக்கிற வேகத்தில் மேலே இருப்பவர்களையும் பிடித்தால் நன்றாக இருக்கும், அது எங்கள் அபிப்பிராயம்.

இன்னொரு பழைய கணக்கும் இருக்கிறது. பால்மாத் தட்டுப்பாட்டு நேரத்தில், மற்றச் சாமானும் எடுத்தால்தான் பால்மா பைக்கற் தருவோம் என்று ஒரு விநியோகக்காரர் எங்களை நெருக்க, நாங்களும் சில பேரிடம் அப்படியே சொன்னோம். ஒன்றை வாங்கினால்தான் மற்றது என்று நிபந்தனை போடுவது விற்க மறுத்ததாகவே சட்டத்தில் எடுபடும். கைக்குழந்தையோடு வந்த ஒரு தங்கச்சி ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அது பிழை. இனி நடக்காது.

தராசு பற்றி: அளவீட்டு அலகுகள் திணைக்களத்தார் பிரதேச செயலகத்துக்கு வரும் நாளில் வருடா வருடம் கொண்டுபோய் முத்திரை போட்டுத்தான் வைத்திருக்கிறோம், சான்றிதழ் தராசுக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது. பாண் வேறு கடையில் வாங்கினாலும் இங்கே வைத்துப் பாருங்கள். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராம் குறைந்தால் மன்னிக்கலாம், அதற்குக் கீழே போனால் பேக்கரிக்காரரிடம் கேளுங்கள். தண்ணீர்ப் போத்தலும் அப்படித்தான். 2025 ஏப்ரல் முதல் அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா என்று உச்ச விலை வந்தது. கூலருக்குள் வைத்துக் குளிர்த்தியது என்று அதற்குமேல் பத்து ரூபா வாங்க எங்களுக்கும் உரிமை இல்லை.

எங்கள் சாமானில் குறை இருந்தால் முதலில் பில்லோடு எங்களிடமே வாருங்கள், மாற்றித் தருவோம். நாங்கள் இழுத்தடித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்தில் இருக்கிற அதன் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதைத் தவற விட்டுவிடாதீர்கள். கடைக்காரனே தன்மேல் முறைப்பாடு செய்ய வழி சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள், இலக்கத்தைப் பெரிதாக எழுதி விலைப்பட்டியலுக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறோம்.

பழைய சொப்பிங் பைகள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்குமே, அவற்றையும் கழுவிக் கொண்டு வரலாம். அதற்குக் காசு எடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்கள்,
களுவாஞ்சிக்குடி